நுகத்தடி யார் வீட்டில்?

விருதுநகர் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது என்னை எதிர்பார்த்து யாரும் நிற்கவில்லை. நிற்பதற்கு அந்த ஊரில் எனக்கு யாரும் கிடையாது. இருந்தாலும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பழக்கதோஷம்தான். மனைவி போன பிறகு நான் செய்கிற முதல் நீண்ட பயணம் இது.

கொழும்பு புறக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் காகிதக் கடை முதலாளிக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர் வேண்டும். சிவகாசியில் அச்சடித்தால்தான் லட்சுமியின் முகத்தில் லட்சுமி இருப்பாள் என்பது அவர் கட்சி. வழக்கமாக வருகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வீட்டில் காத்திருக்க ஆள் இல்லாதவன் என்ற ஒரே தகுதியில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கொஞ்ச நாள் ஊர் சுற்றிவிட்டு வாருங்கள், மனசு மாறும் என்றார் முதலாளி. மனசு என்ன சட்டையா மாற்றுவதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

இன்னொரு வேலையும் என் தலையில் ஏறியிருந்தது. கடையில் காகிதக் கட்டுத் தூக்குகிற மாடசாமிக்கு மல்லாங்கிணறு பக்கம் ஒரு கிராமம். ஊருக்குப் போனால் மறுபடி கொழும்புக்கு வர அனுமதி கிடைக்காது என்ற பயத்தில் அவன் வருஷக்கணக்காக ஊர்ப் பக்கமே போகவில்லை. மனைவி சீனியம்மாளுக்கு ஒரு சேலை, மகளுக்கு ஒரு கவுன், வாசனை சோப்பு எல்லாம் ஒரு பையில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டுக் கட்டிக் கொடுத்தான். கூடவே ஒரு வாய்வார்த்தை. "சீனிகிட்ட மாட்டை வித்துரச் சொல்லுங்கய்யா. பொன்னுச்சாமி அண்ணன் குடும்பத்தோட அவளும் சிவகாசிக்குப் போயிரட்டும்." இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். ஊரிலிருந்து வந்த யாரோ அவனுக்கு நிலைமையைச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது பால் தரும், தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் என்பதுதான்.

விருதுநகரில் முதலில் என்னை வரவேற்றது மிளகாய் நெடி. மிளகாய் மூட்டை அடுக்கிய கிட்டங்கிகளைத் தாண்டிப் போவதற்குள் தும்மித் தும்மிக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. பார்த்தவர்கள் யாரையோ நினைத்து அழுகிறேன் என்று நினைத்திருக்கலாம். ஹோட்டலில் இட்லி வைத்த பையன் என் பேச்சைக் கேட்டுவிட்டு, மலையாளமா என்று விசாரித்தான். தமிழ்தான் என்றேன். நம்பாமல் சிரித்துவிட்டுப் போனான். சாயங்காலம் தெருவில் சுடச்சுடப் பருத்திப்பால் விற்றார்கள். பருத்திக்கொட்டையிலிருந்து பால் எடுத்துக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சியது. நல்ல ருசி. நல்லது எதையாவது சாப்பிட்டால் பக்கத்தில் திரும்பி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் எனக்கு. திரும்பினேன். அங்கே ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது.

மறுநாள் சிவகாசி. கொழும்பில் ஆடி மாதம் என்றால் குடையைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். இங்கே ஆகாயம் கழுவி வைத்த தட்டு மாதிரி கிடந்தது. லாட்ஜில் குளிக்க ஒரு வாளி, குடிக்க ஒரு செம்பு, அதற்கு மேல் கேட்காதீர்கள் என்று முன்கூட்டியே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஊரே வேலையில் இருந்தது. தெருவில் சும்மா நிற்கிறவன் நான் ஒருவன்தான்.

அச்சகத்தில் லட்சுமிகளைக் கொடி கட்டிக் காயப் போட்டிருந்தார்கள். ஒரு வரிசைக்கு மஞ்சள் மட்டும் ஏறியிருந்தது, அடுத்த வரிசைக்குச் சிவப்பும் சேர்ந்திருந்தது. போர்மேன் ரொம்ப மரியாதையானவர். சீசன் ஆரம்பித்துவிட்டது, வெளியூர் ஆர்டர் நிறைய இருக்கிறது, உங்கள் ப்ரூஃப் வர நாலைந்து நாள் ஆகும், அதுவரை எங்காவது போய் வாருங்கள் என்றார். எல்லோரும் என்னை எங்காவது போகத்தான் சொல்கிறார்கள்.

லாட்ஜுக்கு எதிர்ச் சந்தில் ஒரு பெண் உட்கார்ந்து தீப்பெட்டிக்கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். பேச்சுத் துணைக்கு யாரும் இல்லாததால் நான் சும்மா அவளிடம் எந்த ஊர் என்று கேட்டேன். காரியாபட்டி பக்கம் என்றாள். ஒரு வருஷம் மழை தப்பியதாம். மாட்டை விற்றுவிட்டு, மழை விழுகிற வரைக்கும் என்று சொல்லி வந்தார்களாம். மழை அப்புறம் விழவில்லையா என்று கேட்டேன்.

"விளுந்துச்சு. நல்லாவே விளுந்துச்சு," என்றாள். கை நிற்கவில்லை. "மாடு இருந்தாத்தான உளுவ? ஈரம் எம்புட்டு நாளைக்கு நிக்கும்? காஞ்சு போச்சு. நிலத்தையும் குடுத்துட்டோம். இப்ப மளை விளுந்தா இந்தக் கூடு நனையுமேன்னுதான் பயமா இருக்கு."

அவள் புகாராகச் சொல்லவில்லை. எங்கள் கடையில் வெள்ளைக் காகிதம் தீர்ந்துவிட்டது என்று சொல்வோமே, அந்த மாதிரி சொன்னாள். எனக்குத்தான் மாடசாமி சொல்லி அனுப்பிய வார்த்தை சட்டைப்பையில் கல்லாகக் கனக்கத் தொடங்கியது.

அடுத்த நாள் கிராமத்துக்குப் புறப்பட்டேன். பஸ் பாதி வழியில் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. கண்டக்டர் உள்ளே எட்டிப் பார்த்து, தண்ணி வச்சிருக்கவுக குடுங்க என்றார். கொழும்பு பஸ் என்றால் இந்நேரம் டிரைவரின் குலம் கோத்திரம் எல்லாம் சந்திக்கு வந்திருக்கும். இங்கே ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஆளுக்கு ஒரு செம்பு, ஒரு கூஜா என்று குடிக்க வைத்திருந்த தண்ணீரை வரிசையாக இறங்கி ஊற்றினார்கள். நானும் என் பங்கை ஊற்றினேன். அப்புறம் தாகத்தோடு எல்லோரும் சேர்ந்து போனோம். அந்தப் பயணத்தில் நான் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவனாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

கிராமத்தைச் சுற்றி இருந்தது கரிசல் நிலம். வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் என் குடை முழுசாகப் போய்விடும்போல் இருந்தது. சீனியம்மாளுக்கு முப்பது வயசு இருக்கும். நான் யார் என்று சொன்னதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க வாங்க, இங்கன நிழல்ல உக்காருங்க," என்றாள். பையைக் கொடுத்தேன். சேலையைப் பிரித்துப் பார்க்கவில்லை. புருஷன் கட்டியிருந்த முடிச்சைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள்தான் அதை அவிழ்த்துக் கவுனை எடுத்து மாட்டிக்கொண்டு, கழற்றவே மாட்டேன் என்றாள். கம்மங்கூழும், கொள்ளு வறுத்து அரைத்த காணத்துவையலும் வைத்தாள். தேங்காய்ப்பால் இல்லாமல் வளராத நாக்கு எனக்கு. ஆனாலும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பசி மட்டும் காரணம் இல்லை. ஒரு வீட்டில் உட்கார்ந்து, ஒருவர் பார்த்துப் பார்த்துப் போட, சாப்பிட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

என்ன சொல்லி அனுப்பினார் என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. "இளைச்சுட்டாகளா?" என்று மட்டும் கேட்டாள். முன்னால் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாதே என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நானும் மாட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஆம்பளை இல்லாத வீட்டில் அந்நிய ஆள் தங்குவது முறை இல்லை என்று பக்கத்து வீட்டுப் பொன்னுச்சாமி என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மாடசாமி சொன்ன அதே பொன்னுச்சாமி. வாட்டசாட்டமான மனுஷர், பேச்சில் மட்டும் சோர்வு. முற்றத்தில் கட்டிலைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தானும் கீழே உட்கார்ந்தார். உங்கள் வீட்டில் யார் யார் என்று விசாரித்தார். யாரும் இல்லை, மனைவி போய்விட்டாள் என்றேன்.

"அப்ப நீங்களும் ஒத்தை மாடுதான்," என்றார்.

கேலி இல்லை அது. அந்த ஊரில் தனி ஆளுக்கு அதுதான் கணக்கு என்று அப்புறம் அவர் பேசப் பேசப் புரிந்தது. இரண்டு வீட்டுக்காரர்களும் முன்பு கூலிக்குப் போனவர்கள்தான். கூப்பிட்டால் போவோம், கூப்பிடாவிட்டால் படுத்துக்கிடப்போம் என்றார். ஒரு ஜோடி மாடு வாங்க எந்த வீட்டுக்கும் வழி இல்லை. அதனால் வீட்டுக்கு ஒரு கன்று என்று வாங்கி வளர்த்து, இரண்டையும் சேர்த்து ஒரு ஏர் கட்டினார்களாம். சீனியம்மாள் வீட்டில் செவலை, இவர் வீட்டில் மயிலை. கலப்பை அவர்கள் வீட்டில் இருக்கும், மாடு இரண்டையும் பூட்டுகிற நுகத்தடி இவர் வீட்டில் இருக்கும். ஒரு வீடு தனியாக உழ நினைத்தாலும் முடியாது. மழை விழுந்த மறுநாள் இவர்கள் நிலம், அதற்கு அடுத்த நாள் அவர்கள் நிலம். அந்த ஏர் வந்த பிறகு இரண்டு வீட்டாரும் கூலிக்குப் போய் யாருடைய வாசலிலும் நின்றதில்லை. சொல்லும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மாட்டுத் தீனிக்கு அவர் அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டைப் படப்பு தீர்ந்துபோனது. முற்றத்து மூலையில் மயிலை நின்றது. விலா எலும்பை வெளியே இருந்தே எண்ணலாம். அதைக் காரியாபட்டிச் சந்தையில் விற்றுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு சிவகாசித் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்விட முடிவு செய்திருந்தார். அவர் மனைவி தங்கம் அடுப்படியில் இருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மயிலை போனால் அவர்களுடைய செவலை என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் கட்டிலின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் நான் எழுந்தபோது அவரைக் காணோம். சீனியம்மாள் வீட்டுக்குப் போனேன். அவளும் தண்ணீருக்குப் போயிருந்தாள். வாசல் சுவரில் ஒரு நுகத்தடி சாத்தி வைத்திருந்தது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ஒரு ஆடு வந்து அதன் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்ட வீட்டுக்கு ஏதாவது உபகாரம் செய்ய வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே எனக்குக் கை துறுதுறுத்தது. ஆட்டை விரட்டினேன். நுகத்தடி தன் வீட்டில் இருக்கிற பொருள் என்று பொன்னுச்சாமி முந்தின நாள் சொன்னது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் கலப்பைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன். இரண்டும் அங்கே பொருத்தமாகவே இருந்தன. திருப்தியோடு கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தால் எதிர்வீட்டுப் பெண் வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். சற்றுத் தள்ளிப் பொன்னுச்சாமி. அவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

சீனியம்மாள் குடத்தோடு வந்தாள். வாசல் சுவர் காலியாக இருப்பதைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். தண்ணீர் தளும்பிச் சிந்தியதை அவள் கவனிக்கவில்லை. அந்த ஊரில் தண்ணீர் சிந்துவதைக் கவனிக்காமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

"யாரு உள்ள கொண்டு போனது?"

நான்தான் என்றேன். வெயிலில் கிடந்தது, ஆடு கயிற்றைக் கடித்தது என்றேன். சொல்லும்போதே என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

அவள் கோபப்படவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து, விவரம் தெரியாதவனுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "கூட்டு வேண்டாம்னு நெனைக்கவுக நுகத்தடியக் கொண்டாந்து வாசல்ல சாத்திட்டுப் போவாக. வாய்விட்டுச் சொல்ல மாட்டாக. அது வாசல்ல கிடக்க வரைக்கும் இன்னும் பேச்சு இருக்குன்னு அர்த்தம். எடுத்து உள்ள வச்சுட்டா முறிஞ்சுச்சுன்னு அர்த்தம். நான் யோசிக்கணும்னுதான் அதை அங்கனயே விட்டுட்டுப் போனேன்." காலியான சுவரைப் பார்த்தாள். "நீங்க அவுக அனுப்பி வந்தவுக. நீங்க எடுத்து வச்சா அவுக எடுத்து வச்ச மாதிரி."

எனக்கு உட்கார இடம் தெரியவில்லை. மனைவி உயிரோடு இருந்தபோது, ஒரு வீட்டுக்குப் போனால் எதையும் தொடாமல் இருங்கள் என்று அடிக்கடி சொல்வாள். அந்தக் குரல் அப்போது இல்லாமல் போனது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அந்த வாசலில் நின்றபோதுதான் முழுசாகத் தெரிந்தது.

இப்போதுதான் அவள் கேட்டாள். "அவுக என்ன சொல்லிவிட்டாக?"

இனி மறைத்துப் பயன் இல்லை. மாட்டை விற்றுவிட்டுப் பொன்னுச்சாமி குடும்பத்தோடு சிவகாசிக்குப் போகச் சொன்னார் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் லாட்ஜுக்கு எதிர்ச் சந்தில் கூடு ஒட்டுகிற பெண் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். மழை விழுந்ததையும், உழ மாடு இல்லாததையும், ஈரம் காய்ந்ததையும். சீனியம்மாள் செவலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மயிலை போயிட்டா செவலைய வச்சு இவ என்ன செய்வாளோன்னு நெனைச்சுச் சொல்லியிருக்காக," என்றாள் கடைசியில். "அவுக அங்கன இருந்து அம்புட்டுத்தான் யோசிக்க முடியும்." எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "உள்ள வச்ச கைதான் வெளிய எடுக்கணும். எடுங்க. நான் பின்னால வாரேன்."

நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அதைப் பற்றி யோசிக்காமல் நுகத்தடியைத் தூக்கி வலது தோளில் வைத்தேன். உள்ளே கொண்டு போனபோது லேசாக இருந்தது, இப்போது என்ன கனம் கனத்தது. பக்கத்து வீடுதானே என்று நினைத்தேன். ஆனால் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பொன்னுச்சாமி வாசலில் நின்றார். வாங்கவில்லை. வாங்காமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு என்று அவர் கட்டிக்கொண்டு நின்ற கையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நான் தோளில் சுமையோடு நடுவில் நிற்க, அவர்கள் இருவரும் என்னைத் தாண்டிப் பேசிக்கொண்டார்கள்.

"அண்ணே, மயிலைய எங்கிட்ட விட்டுட்டுப் போங்க," என்றாள் சீனியம்மாள்.

"தட்டை?"

"எங்க படப்புல இருக்கத ரெண்டுக்கும் போடுதேன்."

"பத்தாதும்மா."

"பத்தாதுதான். நீங்க கம்பெனிக்குப் போங்க. வாராவாரம் ஒரு மூட்டை பிண்ணாக்கு பஸ்ஸு மேல போட்டு விடுங்க. மளை விளுந்தா மறுநாள் வந்துருங்க. மாடு ரெண்டும் நிக்கும்."

"நிக்கலைன்னா?"

"ரெண்டும் சேந்தே போகட்டும். ஒண்ண வச்சு நான் என்ன செய்ய?"

பொன்னுச்சாமி தெருவைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனாலும் கையை நீட்டவில்லை. அப்போதுதான் முதல் நாளிலிருந்து வாயே திறக்காத தங்கம் உள்ளிருந்து வந்தாள். வாசலுக்கு உள்பக்க மூலையில் அன்று காலையில்தான் ஒரு பானையை வைத்திருந்தாள்போலிருக்கிறது. அதைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தாள். மூலை காலியானது. சுவரில் நுகத்தடி சாத்திச் சாத்தித் தேய்ந்த தடம் ஒன்று அங்கே இருந்தது. பொன்னுச்சாமி என் தோளிலிருந்து அதை வாங்கி அந்தத் தடத்தில் சாத்தினார்.

மறுநாள் அதே பஸ்ஸில் அவர்களும் என்னோடு சிவகாசிக்கு வந்தார்கள். பாத்திரங்களும் பாயும் பஸ் மேல் ஏறின. சீனியம்மாள் வழியனுப்ப வந்தபோது ஒரு கையில் செவலை, இன்னொரு கையில் மயிலை. புருஷனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள் போதும் என்றாள்.

சந்தில் கூடு ஒட்டுகிற பெண் புது ஆட்களைப் பார்த்ததும் தங்கத்திடம் எந்த ஊர் என்று கேட்டாள். அடுத்த கேள்வியாக, மாடு என்னாச்சு என்றாள். ஊரில் நிற்கிறது என்றாள் தங்கம். அந்தப் பெண்ணின் கை முதல் தடவையாக நின்றது. அப்புறம் கூடுகளை ஒதுக்கி வைத்துத் தங்கம் உட்கார இடம் விட்டாள்.

ப்ரூஃப் வந்தது. லட்சுமியின் முகத்தில் சிவப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். விருதுநகரில் ரயிலுக்குக் காத்திருந்தபோது மறுபடி பருத்திப்பால் குடித்தேன். இந்தத் தடவை பக்கத்தில் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதும் ஒரு வருத்தம்தான்.

கொழும்பில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாடசாமி கடை வாசலில் நனைந்துகொண்டே நின்றான். சேலையைக் கொடுத்ததையும், மகள் கவுனைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்றதையும் சொன்னேன். அவன் எதையும் காதில் வாங்கவில்லை. மாட்டை விற்றாளா என்றும் கேட்கவில்லை.

"ஐயா, நுகத்தடி யாரு வீட்டுல இருக்கு?"

"பொன்னுச்சாமி வீட்டில்."

"நெசமாவா? நீங்க பாத்தீகளா?"

"நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான், முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு என் பக்கத்தில் வந்தான்.

"எந்தத் தோள்லய்யா தூக்குனீக?"

வலது தோள் என்றேன். அவன் தன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு என் வலது தோளில் வைத்தான். வைத்த கையை எடுக்கவே இல்லை. மனைவி போன பிறகு என்னை யாரும் தொட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலாளி உள்ளேயிருந்து காலண்டர் எப்படி வந்திருக்கிறது என்று கூப்பிட்டுக் கேட்டார். நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.